பதினோரு சாட்சிகளில் இரண்டரை போதும்

ஞாயிறு பள்ளிப் பாடக்குழுவைச் சேர்ந்த ஐயாமார், அம்மாமார் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன். அதைவிட அதிக காலம் ஞாயிறு பள்ளி எடுத்தவன். இந்த வருஷம் இளைஞர் முகாமுக்காக நீங்கள் அச்சிட்ட சிற்றேட்டில் 'வேதத்துக்கு வெளியே பதினோரு சாட்சிகள்' என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த மடல். தனிக் கடிதமாக இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், பதில் இல்லை. இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகப்போகிறது என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடலாம் என்று தோன்றியது. கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் வெட்கத்தில் எழுதுகிறேன். காரணம் சொல்கிறேன்.

என் பேரன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அறையில் கூட இருக்கும் பையன் கருப்புச் சட்டைக் குடும்பம். நல்ல பையன், எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டிருக்கிறான். இயேசு என்று ஒருவர் வாழவே இல்லை என்று அவன் சொல்ல, இவன் உங்கள் சிற்றேட்டை எடுத்து நீட்டியிருக்கிறான். அவன் போனைத் திறந்து, கால் மணி நேரத்தில் அதில் மூன்றைச் சாய்த்துவிட்டான். லெந்துலுஸ் கடிதம் பொய், பவிஷ்ய புராணப் பகுதி பிற்காலத்தது, யூதச் சரித்திரக்காரர் யோசேப்பஸ் எழுதியதில் கை வைக்கப்பட்டிருக்கிறது. மூன்றும் சரிதான். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவன் சிற்றேட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, இதெல்லாம் தெரிஞ்சே சொல்லிக்கொடுத்தீங்களா, தெரியாமலா?"

எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் 1980களில் அதே லெந்துலுஸ் கடிதத்தை ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, வகுப்பில் கொடுத்தவனே நான்தான். அப்போது தெரியாது. பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகு எழுந்து நின்று திருத்தவில்லை. ஆகவே உங்களைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்குப் பாதிதான் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பதினொன்றில் இரண்டு திடமான சாட்சிகள். ஒன்று பாதி சாட்சி. மற்ற எட்டையும் எடுத்துவிடுங்கள், அல்லது அவை எதற்குச் சாட்சியோ அதற்கு மட்டும் வையுங்கள். கோர்ட்டில் கேஸ் நடத்தியவர்களுக்குத் தெரியும், எட்டுப் பொய்ச் சாட்சிகளை ஏற்றினால் கூட நிற்கிற இரண்டு உண்மைச் சாட்சிகளும் சேர்ந்தே அடிபடுவார்கள்.

முதலில் கழிக்க வேண்டியவை. லெந்துலுஸ் என்பவர் பிலாத்துவுக்கு முன் யூதேயாவை ஆண்டவர், ரோமாபுரிக்கு இயேசுவின் முகத்தையும் தலைமுடியையும் வருணித்துக் கடிதம் எழுதினார் என்கிறீர்கள். அப்படி ஒரு ஆளுநரே அங்கே இருந்ததில்லை. பிலாத்துவுக்கு முன் இருந்தவர் வலேரியஸ் கிராட்டுஸ். கடிதம் ஐரோப்பாவில் நடுக்காலத்தில் யாரோ பக்தியோடு எழுதியது. நடு வகிடு, தோளில் விழும் அலையலையான கூந்தல், இரண்டாகப் பிரிந்த தாடி என்று அதிலுள்ள வருணனை நம் வீட்டுக் காலண்டர் படத்தோடு பொருந்துகிறதே என்று ஆச்சரியப்பட வேண்டாம். படமும் கடிதமும் ஒரே மரபில் பிறந்தவை.

பவிஷ்ய புராணம் இன்னும் மோசம். சாலிவாகன ராஜா பனிமலையில் வெள்ளை உடுத்திய ஒருவரைச் சந்தித்தார், அவர் தன்னை ஈச புத்திரன், கன்னியிடம் பிறந்தவன் என்றார் என்று அதன் பிரதிசர்க்க பர்வத்தில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதே பர்வத்தில் ஆதாம் வருகிறார், நோவா வருகிறார், அக்பர் பாதுஷாவும் வருகிறார், வெள்ளைக்காரனும் வருகிறான். அக்பருக்குப் பிறகு எழுதிய ஒரு நூல் முதல் நூற்றாண்டுக்கு எப்படிச் சாட்சி சொல்லும்? இந்து நூலே நம் ஆண்டவரைச் சொல்கிறது என்று பெருமைப்படும் ஆசை புரிகிறது. ஆனால் அந்த நூலில் கை வைத்தவர்களுக்குப் பாதிரிமார் சொன்ன கதை காதில் விழுந்திருந்தது என்பதைத் தவிர அது வேறொன்றையும் காட்டவில்லை. நல்லவேளை, லடாக்கின் ஹேமிஸ் மடத்தில் இயேசுவின் வாழ்க்கைச் சுவடி கிடைத்ததாக 1894இல் நோட்டோவிச் என்ற ரஷ்யர் வெளியிட்ட கதையை நீங்கள் சேர்க்கவில்லை. அடுத்த வருஷமே ஆக்ராவிலிருந்து டக்ளஸ் என்ற பேராசிரியர் மடத்துக்கே போய் விசாரித்தார். அப்படி ஒரு சுவடியும் இங்கே இல்லை என்று மடத்துத் தலைமை லாமா சொல்லி அனுப்பினார்.

அடுத்தது தல்லஸ். சிலுவையின்போது பூமியெங்கும் அந்தகாரம் உண்டானதை ஒரு புறஜாதியார் பதிவு செய்தார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். தல்லஸ் எழுதிய நூல் கிடைக்கவில்லை. அவர் சொன்னதாகச் சொன்னவர் மூன்றாம் நூற்றாண்டு கிறிஸ்தவர் ஜூலியஸ் ஆப்பிரிக்கானுஸ். அவர் நூலும் முழுசாகக் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 800ஆம் ஆண்டில் வாழ்ந்த ஜார்ஜ் சிங்கெல்லுஸ் என்ற துறவி எடுத்தெழுதிய ஒரு துண்டு மட்டும் இருக்கிறது. மூலப் பத்திரம் தொலைந்து, நகல் தொலைந்து, நகலைப் பார்த்தவர் சொன்னதை எழுதிய சீட்டு. இதை வைத்து எந்த சார்பதிவாளர் பத்திரம் பதிவார்?

அந்தச் சீட்டில் உள்ளதையாவது நிதானமாகப் படித்தீர்களா? தல்லஸ் அதைச் சூரிய கிரகணம் என்கிறார், அது சரியாக வராது என்று ஆப்பிரிக்கானுஸ் மறுக்கிறார். மறுப்புக்கான காரணம் நம் ஊர்ப் பாட்டிமாருக்கும் தெரிந்ததுதான். சூரிய கிரகணம் அமாவாசையில்தான் பிடிக்கும். சிலுவை நடந்த யூதரின் பஸ்கா பண்டிகை வருவது பௌர்ணமியில். ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விசுவாசியே கவனமாகச் சொல்லிவிட்டுப் போனதை நாம் பாதியாக வெட்டி, ஆதாரம் என்று ஒட்டியிருக்கிறோம்.

மாரா பார் செராபியோன் சிரியாக் மொழியில் மகனுக்கு எழுதிய கடிதம் எனக்குப் பிடித்தமானது. சிறையிலிருக்கும் ஒரு தகப்பன், நல்லவர்களைக் கொன்ற ஊர்கள் உருப்பட்டதில்லை என்று எழுதுகிறான். சாக்ரடீசைச் சொல்கிறான், பித்தாகரசைச் சொல்கிறான், யூதர்கள் கொன்ற 'ஞானமுள்ள ராஜா' என்று ஒருவரைச் சொல்கிறான். அது இயேசுவாக இருக்கலாம். இருக்கலாம் என்பதோடு சரி, பெயர் இல்லை. கடிதத்தின் காலமும் முதல் நூற்றாண்டின் இறுதியா, மூன்றாம் நூற்றாண்டா என்று இழுபறியில் இருக்கிறது. கிரேக்கத்தில் கேலி எழுதிய லூசியன் எழுதியது 165ஆம் ஆண்டுக்குப் பிறகு, சிலுவையில் அறையப்பட்ட அந்த ஆளைக் கும்பிடுகிறார்களே என்ற கேலி. யூத ரபிமாரின் நூலான பாபிலோனியத் தல்மூத் தொகுக்கப்பட்டது இன்னும் சில நூற்றாண்டு கழித்து. பஸ்காவுக்கு முந்தின நாள் யேசு என்பவன் சூனியம் செய்ததற்காகத் தூக்கப்பட்டான் என்று அதில் வருவது, அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்ட கிறிஸ்தவர்களுக்கு யூத ரபிமார் கொடுத்த பதிலடி. எதிரிகள்கூட அவர் வாழவில்லை என்று சொல்லவில்லையே என்று ஒரு வாதம் வைத்திருக்கிறீர்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அந்த எதிரிகள் விசாரித்துவிட்டுச் சொன்னவர்கள் இல்லை. கிறிஸ்தவர்கள் சொன்னதை எடுத்துத் திருப்பி அடித்தவர்கள்.

ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ், 'கிரெஸ்துஸ்' என்பவனின் தூண்டுதலால் கலகம் செய்த யூதரைக் கிலவுதியு ராயன் ரோமாபுரியை விட்டுத் துரத்தினான் என்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவுக்கு வந்து சேர்ந்தது இதனால்தான். துரத்தியது நடந்திருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் கிரெஸ்துஸ் என்பது அடிமைகளுக்குச் சாதாரணமாக வைத்த பெயர். சூட்டோனியஸ் எழுதியதைப் பார்த்தால் அந்த ஆள் அப்போது ரோமாபுரியிலேயே இருந்ததுபோலப் படுகிறது. கிறிஸ்துவைப் பற்றிய சண்டையை அவர் அரைகுறையாகக் கேட்டு எழுதியிருக்கலாம், அல்லது வேறு யாரோ ஒரு கிரெஸ்துஸ் ஆகவும் இருக்கலாம். இதில் எதைக் கட்டுவது?

பிளினியின் கடிதத்தை மட்டும் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஏறத்தாழ 112ஆம் ஆண்டு, கருங்கடல் கரையில் பித்தினியாவின் ஆளுநராக இருந்தவர் டிராஜன் சக்கரவர்த்திக்கு எழுதுகிறார். இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது, பெயருக்காகவே தண்டிப்பதா, குற்றத்துக்காகவா என்று கேட்கிறார். இரண்டு அடிமைப் பெண்களை வதைத்து விசாரித்ததாகவும் சொல்கிறார். சபையில் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்டவர்கள் அவர்கள். கிடைத்த தகவல் இவ்வளவுதான்: குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்து மாறிமாறிப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று ஆணையிட்டுக்கொள்கிறார்கள், பிறகு கலைந்து, மறுபடி சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அதிகாலை ஆராதனையும் அசனமும் என்று சொல்லலாம் போல இருக்கிறது! இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் எதற்குச் சாட்சியாக? இயேசு இறந்து எண்பது வருஷத்தில் கிறிஸ்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு. இயேசு வாழ்ந்தார் என்பதற்கு அல்ல. ஊரில் சுடலைமாடன் கொடை நடக்கிறது என்று கலெக்டர் அறிக்கை எழுதினால் கொடை நடந்ததற்கு அது ஆதாரம், சுடலைமாடனுக்கு அல்ல.

இப்போது நிற்கிற சாட்சிகள். ரோமச் சரித்திரக்காரர் டாசிட்டஸ் ஏறத்தாழ 116ஆம் ஆண்டில் தன் ஆண்டுக் குறிப்புகளின் பதினைந்தாம் புத்தகத்தில், 64இல் ரோமாபுரி எரிந்ததைச் சொல்கிறார். நீரோவே தீ வைத்தான் என்ற பேச்சை அடக்க, ஜனங்கள் ஏற்கெனவே வெறுத்த கிறிஸ்தவர்கள்மேல் பழியைப் போட்டான். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி விளக்கம் தருகிறார். கிறிஸ்துஸ் என்பவன், திபேரியு ராயன் காலத்தில் பொந்தியு பிலாத்துவால் மரண தண்டனை அடைந்தவன், அப்போதைக்கு அடங்கிய அந்த நாசகார மூடநம்பிக்கை யூதேயாவில் மட்டுமல்ல, உலகத்து அசிங்கமெல்லாம் வந்து சேரும் ரோமாபுரியிலும் மறுபடி கிளம்பியது. இப்படி ஒரு வசனத்தை எந்தத் துறவியும் நடுராத்திரியில் உட்கார்ந்து செருகியிருக்கமாட்டார். உயிர்த்தெழுதலைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. இயேசு என்ற பெயர்கூட இல்லை. அந்த வெறுப்புதான் இதற்கு முத்திரை.

உங்கள் சிற்றேடு இதோடு நிற்காமல், 'அரசு ஆவணக் காப்பகத்தில் பார்த்து எழுதினார்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறது. அது எங்கும் இல்லை, எடுத்துவிடுங்கள். இன்னும் கேட்டால் அதற்கு எதிரான ஒரு குறிப்பே இருக்கிறது. டாசிட்டஸ் பிலாத்துவை 'புரோகுராட்டர்' என்கிறார். 1961இல் செசரியாவில் தோண்டியபோது, பழைய அரங்கத்தில் படிக்கல்லாகத் திருப்பிப் போடப்பட்டிருந்த ஒரு கல்லில் பிலாத்துவின் பெயர் கிடைத்தது. அதில் அவர் பதவி 'பிரிஃபெக்ட்'. அந்தக் காலத்தில் யூதேயாவை ஆண்டவர்களுக்கு அதுதான் பட்டம், புரோகுராட்டர் என்பது கிலவுதியு காலத்திலிருந்து வந்த வழக்கு. ஆகவே டாசிட்டஸ் பழைய ஆவணத்தைப் பார்த்து எழுதியதாகத் தோன்றவில்லை, தன் காலத்துச் சொல்லைப் போட்டுவிட்டார். நாம்கூட ஜமீன் காலத்து அதிகாரியைத் 'தாசில்தார்' என்று சொல்லிவிடுவோமே, அதுபோல. அவர் கிறிஸ்தவர்களிடமிருந்தே கேள்விப்பட்டிருக்கலாமா? இருக்கலாம். பிளினி அவருடைய நண்பர். பிளினி பித்தினியாவில் இருந்த அதே சமயம் இவர் பக்கத்து ஆசியா மாகாணத்தின் ஆளுநர். கிறிஸ்தவர்கள் இருவர் கண்ணிலும் பட்டிருப்பார்கள். ஆனாலும் ஜனங்களின் வதந்தியை வதந்தி என்று பிரித்து எழுதும் பழக்கமுள்ளவர், இதை வதந்தி என்று எழுதவில்லை. கல்வெட்டு இல்லைதான், ஆனால் கவனமான ஒரு சரித்திரக்காரரின் கையெழுத்து.

அடுத்தவர் யோசேப்பஸ். இவரிடம்தான் நான் நேரம் செலவழிக்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 37ஆம் ஆண்டில் எருசலேமில் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர். ரோமருக்கு எதிரான யுத்தத்தில் கலிலேயாவில் தளபதி. 67இல் பிடிபட்டு, பிறகு ரோமாபுரியில் சக்கரவர்த்திகளின் தயவில் உட்கார்ந்து எழுதினார். 93ஆம் ஆண்டு வாக்கில் முடித்த 'யூதர்களின் தொன்மை வரலாறு' இருபது புத்தகங்கள் கொண்டது. அதில் இரண்டு இடத்தில் இயேசு வருகிறார். நீங்கள் பதினெட்டாம் புத்தகத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டுவிட்டு, இருபதாம் புத்தகத்தை இரண்டு வரியில் முடித்திருக்கிறீர்கள். தலைகீழாகச் செய்திருக்க வேண்டும்.

பதினெட்டாம் புத்தகம், இன்று இருக்கிற வடிவில் இப்படிச் சொல்கிறது: அந்தக் காலத்தில் இயேசு என்னும் ஞானமுள்ள மனிதர் இருந்தார், அவரை மனிதர் என்று சொல்வது தகுமானால். வியப்பான செயல்களைச் செய்தார், பலரைத் தன் பக்கம் இழுத்தார். அவரே கிறிஸ்து. எங்கள் தலைவர்கள் குற்றம் சாட்ட, பிலாத்து அவரைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தபோதும், முதலில் அவரை நேசித்தவர்கள் விட்டுவிடவில்லை. மூன்றாம் நாள் உயிரோடு அவர்களுக்குத் தோன்றினார். அவர் பெயர் கொண்ட கிறிஸ்தவர் கூட்டம் இன்றுவரை அழியவில்லை.

இதை ஒரு யூதர் எழுதியிருந்தால் அவர் எழுந்து வந்து ஞானஸ்நானம் வாங்கியிருக்க வேண்டாமா? யோசேப்பஸ் வாங்கவில்லை. கடைசிவரை யூதர். மூன்றாம் நூற்றாண்டில் யோசேப்பஸைப் படித்த கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன், இவர் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அதாவது ஒரிகன் கையில் இருந்த ஏட்டில் 'அவரே கிறிஸ்து' என்ற வாக்கியம் இருந்திருக்க முடியாது. நான்காம் நூற்றாண்டில் சபைச் சரித்திரம் எழுதிய யூசேபியஸ் எடுத்துக்காட்டும்போது அது இருக்கிறது. நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிரேக்க ஏடு பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது, படியெடுத்துக் காத்ததெல்லாம் கிறிஸ்தவத் துறவிகள். பத்தாம் நூற்றாண்டில் அகாப்பியுஸ் என்ற பிஷப் அரபியில் எழுதிய வரலாற்றில் இதே பகுதி அடக்கமான வடிவில் வருகிறது. அதில் 'அவர் மேசியாவாக இருக்கலாம்' என்கிற தொனி. 1971இல் ஷ்லோமோ பினெஸ் என்ற ஆய்வாளர் அதை எடுத்துக்காட்டியபோது, தொடாத மூலம் கிடைத்துவிட்டது என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். அதுவும் யூசேபியஸ் வழியாக வந்ததுதான் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் சொல்வது, யோசேப்பஸ் ஏதோ சுருக்கமாக எழுதியிருந்தார், அதில் இரண்டு மூன்று வரிகள் ஏற்றப்பட்டன என்பது. முழுவதும் செருகல் என்பவர்களும் உண்டு. எனக்கு முதல் கட்சி சரியென்று படுகிறது. அதனால்தான் அரை சாட்சி என்றேன்.

நமக்கு இது புதிய விஷயமா? கம்பராமாயணத்தில் வெள்ளிப் பாடல்கள் என்று ஒரு மூட்டையே இருக்கிறது. வெள்ளியம்பலத் தம்பிரான் செருகினார் என்று சொல்வார்கள். பதிப்பாசிரியர்கள் உட்கார்ந்து மிகைப் பாடல் என்று தனியே ஒதுக்கினார்கள். அதனால் கம்பர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, வெள்ளிப் பாடலைக் கம்பர் பாட்டு என்று மேடையில் பாடுவதையும் யாரும் நியாயப்படுத்தவில்லை. இடைச்செருகல் என்ற சொல்லை நம் பிள்ளைகள் தமிழ் வகுப்பிலேயே படித்திருக்கிறார்கள். இங்கே அதைப் பயன்படுத்த ஏன் பயப்படுகிறீர்கள்? பேரனின் அறைத் தோழனுக்கும் நான் இதையே சொல்லி அனுப்பினேன். செருகல் இருக்கிறது என்று காட்டுவது வேறு, மூலமே இல்லை என்று காட்டுவது வேறு.

இருபதாம் புத்தகம்தான் மணி. வருஷம் 62. ஆளுநர் பெஸ்து இறந்துவிட்டான். நடபடிகளில் பவுலை விசாரித்த அதே பெஸ்து. அடுத்த ஆளுநர் அல்பினு இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் அன்னா என்ற பிரதான ஆசாரியன் நியாய சங்கத்தைக் கூட்டுகிறான். சுவிசேஷத்தில் வரும் அன்னா, காய்பாவின் மாமனார், அவருடைய மகன் இவன், பெயரும் அதே. கூட்டி, 'கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன், யாக்கோபு என்ற பெயருள்ளவனை' வேறு சிலரோடு நிறுத்தி, நியாயப்பிரமாணத்தை மீறினார்கள் என்று கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுக்கிறான். ஊரில் நியாயமாக நடப்பவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அகிரிப்பா ராஜாவுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள், சிலர் வழியிலேயே போய் அல்பினுவிடம் முறையிடுகிறார்கள். மூன்றே மாதத்தில் அன்னாவின் பதவி போய்விடுகிறது. இடத்துக்கு வருபவர் தம்னேயுவின் மகன் இயேசு.

இங்கே யோசேப்பஸுக்கு இயேசு முக்கியமே இல்லை. அவர் எழுதுவது அன்னாவின் பதவி போன கதை. யாக்கோபும் இயேசுவும் தெருவுக்கு நான்கு பேருக்கு இருந்த பெயர்கள். யோசேப்பஸின் நூல்களிலேயே இருபது பேர் அளவில் இயேசு வருகிறார்கள், இந்த ஒரு பத்தியிலேயே இரண்டு பேர். ஆகவே எந்த யாக்கோபு என்று அடையாளம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் 'மில்லுக்காரர் தம்பி செல்லத்துரை' என்பதுபோலப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். 'எனப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். செருகுகிற விசுவாசி 'கிறிஸ்துவாகிய இயேசு' என்று எழுதுவான், 'எனப்பட்ட' என்று எழுதி விலகி நிற்கமாட்டான். இன்னொன்று, இது நடந்தபோது யோசேப்பஸுக்கு வயது இருபத்தைந்து. அதே எருசலேம், அதே ஆசாரியக் கூட்டம். செய்தி அவர் வீட்டுத் திண்ணையில் பேசப்பட்டிருக்கும். இவ்வளவு பக்கத்திலிருந்து சொன்னவர் உங்கள் பதினொன்றில் வேறு யாரும் இல்லை. இந்த வாக்கியத்தையும் செருகல் என்று சொல்பவர்கள் உண்டு, சிலர்தான். ஒரிகன் இந்தத் தொடரை யோசேப்பஸ் பெயரால் மேற்கோள் காட்டுகிறார் என்பது அவர்களுக்கு இடைஞ்சல். பவுலும் கலாத்தியருக்கு எழுதும்போது கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபை நேரில் பார்த்தேன் என்கிறார். சபைக்குள் இருந்த ஒருவரும் வெளியே இருந்த ஒருவரும், ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாமல், ஒரே ஆளின் தம்பியைக் காட்டுகிறார்கள். வாழாத ஒருவருக்குத் தம்பி இருக்க முடியாது. (சகோதரன் என்றால் கூடப்பிறந்தவனா, சிற்றப்பன் மகனா என்ற சண்டையை நம் கத்தோலிக்கச் சொந்தங்களோடு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

இவ்வளவுதானா, வெறும் இரண்டரைதானா என்று குழுவில் யாராவது கேட்பீர்கள். 1842இல் கோயம்புத்தூர் பக்கம் வெள்ளலூரில் ஒரு புதையல் கிடைத்தது. நூற்றுக்கணக்கான ரோம வெள்ளிக் காசுகள், பெரும்பாலும் அகஸ்து ராயனும் திபேரியு ராயனும் முகம் காட்டுகிறார்கள். "இந்தச் சொரூபம் யாருடையது?" என்று இயேசு கேட்ட காசு இந்த திபேரியு காசுதான் என்று பலர் கருதுகிறார்கள். மிளகு வாங்க வந்த யவனர் கொண்டுவந்தது. சக்கரவர்த்தி என்றால் அவன் முகம் நொய்யல் கரை வரைக்கும் வரும். ஆனால் பிலாத்து? பத்து வருஷம் யூதேயாவை ஆண்டவன், அவன் அடித்த வெண்கலக் காசில்கூட அவன் பெயர் இல்லை, திபேரியுவின் பெயர்தான். ஒரு கல், யோசேப்பஸ், பிலோ என்ற யூத அறிஞர், டாசிட்டஸில் ஒரே ஒரு வரி, இவ்வளவுதான் வெளியே அவனுக்கு மிச்சம். அந்த டாசிட்டஸ் வரியும் அவன் யாரைக் கொன்றான் என்பதற்காக வந்ததுதான். ஆளுநருக்கே இந்த நிலை என்றால், கலிலேயாவில் ஒரு சிற்றூர்த் தச்சருக்கு இரண்டு சாட்சிகள் கிடைத்திருப்பது எனக்குக் குறைவாகத் தெரியவில்லை. அதிகமாகவே தெரிகிறது.

அந்த இரண்டரை என்ன சொல்கிறது என்பதையும் அளந்து சொல்லிவிடுங்கள். இயேசு என்று ஒருவர் இருந்தார். யாக்கோபு என்று அவருக்கு ஒரு சகோதரன் இருந்தான். சிலர் அவரைக் கிறிஸ்து என்றார்கள். பிலாத்து அவரைக் கொன்றான். பின்பற்றியவர்கள் கலைந்துபோகவில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாத சரித்திரக்காரர்களிலும் பெரும்பாலோர் இதை ஒப்புக்கொள்கிறார்கள். கன்னிப் பிறப்பையோ உயிர்த்தெழுதலையோ இந்த இரண்டு பேரிடம் கேட்காதீர்கள், அவர்களுக்குத் தெரியாது. உங்கள் சிற்றேடு பாடத்தின் கடைசியில் 'ஆகவே அவர் தேவகுமாரன் என்பது சரித்திரப்படி நிரூபணம்' என்று முடிக்கிறது. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவாசிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு, ஞாயிறு பள்ளியில் 'நிரூபித்துவிட்டேன்' என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது. பவுலுக்கும் உறுத்தியிருக்கும்.

பேரனுக்கு அன்றைக்குப் பதில் சொல்ல முடியாமல், இரண்டு நாள் கழித்து யோசேப்பஸின் இருபதாம் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது நல்லாத்தானே தாத்தா இருக்கு, இத ஏன் சின்ன எழுத்துல போட்டாங்க?" என்றான்.

இரண்டாம் பதிப்பில் லெந்துலுஸ், பவிஷ்ய புராணம், தல்லஸ் மூன்றையும் அடித்துவிடுங்கள். மாரா, லூசியன், தல்மூத், சூட்டோனியஸ் நான்கையும் ஒரே பத்தியில் சேர்த்து, 'இவை பிற்காலத்தவை அல்லது தெளிவில்லாதவை' என்று போடுங்கள். பிளினியைச் சபை வரலாற்றுப் பாடத்துக்கு மாற்றுங்கள். பதினெட்டாம் புத்தகப் பகுதியில் சந்தேகத்துக்குரிய வரிகளைச் சாய்வெழுத்தில் போட்டு, அடியில் இடைச்செருகல் என்று குறியுங்கள். முதல் பதிப்பு வாங்கிய பிள்ளைகளுக்குத் திருத்தச் சீட்டு ஒன்று, அரைத்தாள் போதும். செலவு பெரிதாக வராது, வந்தால் நான் தருகிறேன். மெய்ப்பு திருத்தவும் வருகிறேன். கண் ஆப்பரேஷன் முடிந்து ஒரு மாதமாகிறது, சின்ன எழுத்தும் நன்றாகத் தெரிகிறது. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குப் பாடகர் குழு ஒத்திகை.

உங்கள் ஊழியத்தில் பங்குள்ள,
ஒரு பழைய ஞாயிறு பள்ளி ஆசிரியன்